கோல் விழாத எட்டு நிமிடங்கள்: மார்ட்டினூவின் 'ஹாஃப்-டைம்'

[திரை: காலியான கால்பந்து மைதானம். சுற்றிலும் நிரம்பி வழியும் கேலரி.]

முதல் பாதி முடிந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். புல்தரையில் யாருமில்லை. ஆனால் கேலரியைப் பாருங்கள். அது ஆஃப்சைடா இல்லையா என்று ஒரு மூலையில் சண்டை. இன்னொரு மூலையில் யாரையோ திட்டுகிறார்கள். உட்கார்ந்தவர் எழுகிறார், எழுந்தவர் உட்கார்கிறார். அடுத்த விசில் எப்போது?

செக் இசையமைப்பாளர் பொகுஸ்லாவ் மார்ட்டினூ 1924-இல் இந்த நேரத்தைத்தான் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். பெயரும் 'ஹாஃப்-டைம்'தான். மொத்தமே சுமார் எட்டு நிமிடம்.

[திரை: பொலிச்கா நகரத் தேவாலயக் கோபுரம்]

மார்ட்டினூ பிறந்தது இந்தக் கோபுரத்தில். அப்பா செருப்புத் தைப்பவர். ஊரில் எங்காவது தீப்பிடித்தால் மணியடிக்கும் காவல் வேலையும் அவருடையது. அதனால் குடும்பமே 193 படிகளுக்கு மேலே குடியிருந்தது. மார்ட்டினூ பிராக் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். பாடத்தில் அக்கறை இல்லை என்று 1910-இல் வெளியேற்றினார்கள். அப்புறம் செக் பில்ஹார்மோனிக் என்ற ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தார். 1923-இல் பாரிஸ் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆல்பெர் ரூசலிடம் மாணவரானார். மறு வருடமே இந்த இசை.

சரி, கேட்கும்போது என்ன நடக்கிறது?

[இசை: தொடக்கப் பகுதி, 20 விநாடி]

கவனித்தீர்களா? வயலின்கள் நீளமாக இழுத்துப் பாடவில்லை. துண்டு துண்டாக, வெட்டி வெட்டி வாசிக்கின்றன. ஒரு சின்னத் துணுக்கு விடாமல் திரும்ப வருகிறது. அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் விழாமல் தள்ளி விழுகிறது. காலால் தாளம் போட்டுப் பார்த்தால் நிச்சயம் தவறும். பியானோவும் தனித்து மின்னாமல், மேளத்தோடு மேளமாகத் தட்டுகிறது.

இசையின் வடிவம் ரோண்டோ. நம் பாட்டில் பல்லவிக்குத் திரும்புவதுபோல, தொடங்கிய சங்கதிக்கே திரும்புவது. காத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. எங்கெங்கோ பேச்சு போகும். கடைசியில் அதே கேள்விக்குத்தான் வந்து நிற்கும்.

இதில் கோல் இல்லை, பந்து உதைக்கும் சத்தமும் இல்லை. நான்கு வருடம் கழித்து, 1928-இல், ஆர்தர் ஹோனெகர் 'ரக்பி' என்று ஓர் ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதினார். அதில் தாக்குதலும் எதிர்த்தாக்குதலுமாக ஆட்டத்தின் வேகமே இருக்கிறது. மார்ட்டினூ ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தின் படபடப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். சிறுவயதில் கோபுரத்து உச்சியிலிருந்து மனிதர்களைச் சின்னப் புள்ளிகளாகப் பார்த்தவரின் தேர்வு இது என்றுதான் எனக்குப் படுகிறது.

முதல் அரங்கேற்றம் 1924 டிசம்பர் 7, பிராகில். வாசித்தது அவருடைய பழைய செக் பில்ஹார்மோனிக், நடத்தியவர் வாட்ஸ்லாவ் தாலிஹ். மறுநாள் மார்ட்டினூவுக்கு 34 வயது நிறைந்தது. இது ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் நகல் என்று விமர்சகர்கள் பாய்ந்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெட்ருஷ்கா' என்ற பாலே நடன இசையின் சாயல் இருப்பது உண்மை, கேட்டவுடன் தெரியும். ஆனால் 'பெட்ருஷ்கா' ஒரு பொம்மையின் கதை. இங்கே கதையே கிடையாது. எதுவும் நடக்காத நேரத்தை இவ்வளவு துடிப்போடு நிரப்பியது மார்ட்டினூவின் சொந்தச் சரக்கு.

இப்போது முழுவதையும் கேட்போம். பித்தளைக் குழல்கள் உள்ளே நுழையும் இடங்களில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

[இசை: முழுமையாக]