பழைய குரோனோகிராஃப் வாங்கும் முன்

வணக்கம் நேயர்களே. கைக்கடிகாரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்திருந்தால் அதுதான் குரோனோகிராஃப். பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும் பழைய குரோனோகிராஃப் ஒன்றை வாங்க நினைப்பவர்கள், காசை எடுத்து நீட்டும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று பார்க்கலாம். பளபளப்பில் மயங்க வேண்டாம். கேஸுக்குப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கிவிடலாம். பட்டனை அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் சங்கதி தெரியும்.

நடுவில் உள்ள நீள விநாடி முள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, வாட்ச் ஓடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது ஸ்டாப்வாட்ச் முள். நேரத்துக்கான விநாடி முள் பெரும்பாலும் ஒன்பது மணிப் பக்கம் சின்ன வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

முழுதாகச் சாவி கொடுங்கள். இரண்டு மணிப் பக்கத்துப் பட்டன் ஓடவிடவும் நிறுத்தவும். நாலு மணிப் பக்கத்தது பூஜ்யத்துக்குக் கொண்டுவர. ஓடவிட்டதும் முள் ஒரு இம்மி துள்ளினால் குற்றமில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு இன்னொரு சக்கரம் பக்கவாட்டில் வந்து பல் கோர்க்கும் அமைப்பில் அப்படித்தான் இருக்கும். 1969இல் வந்த சீகோ 6139 போல, தட்டோடு தட்டு அழுந்தும் கிளட்ச் உள்ளவற்றில் துள்ளல் தெரியக்கூடாது.

இனி நிறுத்திவிட்டு நாலு மணிப் பட்டனை அழுத்துங்கள். முள் நேராகப் பன்னிரண்டில் வந்து நிற்க வேண்டும். முள்ளின் அச்சில் இதய வடிவில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் தட்டையான சுத்தியல் ஒன்று அதன் விளிம்பில் அறைகிறது. எங்கே பட்டாலும் தகடு சறுக்கித் திரும்பி, இதயத்தின் இரண்டு மேடுகளும் சுத்தியலில் ஒட்டிய பிறகுதான் நிற்கும். வெவ்வேறு விநாடிகளில் நிறுத்தி, இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தள்ளி நின்றால் முள்ளைக் கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள். கழற்றி மாட்டினால் தீர்ந்தது. தடவைக்கு ஓர் இடத்தில் நின்றால், முள் அச்சில் தளர்ந்திருக்கிறது, அல்லது சுத்தியலோ தகடோ தேய்ந்திருக்கிறது. அது செலவு வைக்கும்.

ஸ்டாப்வாட்ச் ஓடும்போது நாலு மணிப் பட்டனைத் தொடாதீர்கள். ஃபிளைபேக் என்ற வகை மட்டுமே அதற்கென்று செய்யப்பட்டது.

அடுத்து, முப்பது நிமிடக் கணக்கு முள். அவசரப்படாமல் அரை மணி நேரம் முழுதும் ஓடவிடுங்கள். அந்தச் சக்கரம் ஒரு சுற்றை முடிக்கவே முப்பது நிமிடம் ஆகும். ஒரு பல் உடைந்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டிக் டிக் ஒலியைக் கேட்டு வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் என்ற கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 270 பாகைக்கு மேல் இருப்பது ஆரோக்கியம். ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டால் பக்கவாட்டில் பல் கோர்க்கும் வகையில் இருபது முப்பது பாகை குறையும், அது இயல்பு. 200க்குக் கீழே விழுந்தால் எண்ணெய் உலர்ந்து கிடக்கிறது என்று பொருள்.

சந்தையில் அதிகம் அடிபடும் எந்திரம் 1974இல் வந்த வால்ஜூ 7750. கையை ஆட்டினால் உள்ளே ஏதோ கழன்று சுழல்வதுபோல் குலுங்கும். பயப்பட வேண்டாம், கையசைவில் சுழலும் எடைத் தகடான அதன் ரோட்டர் ஒரு பக்கம் மட்டுமே சாவி ஏற்றும், மறுபக்கம் சும்மா சுழலும். தேதியை மட்டும் இரவு எட்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே திருகில் மாற்றாதீர்கள், பல் முறியும். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள். ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு நிறுத்துவதை இயக்கும் தூண் சக்கரம் இருக்கிறது என்று சொல்லிச் சில வாட்ச்களுக்கு விலை ஏற்றுவார்கள். பட்டன் மெத்தென்று அழுந்தும், அவ்வளவுதான். நேரத்தின் துல்லியம் அதனால் கூடாது.

சர்வீஸ் ஆனது என்றால் ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்; சாதாரண வாட்ச்சைவிடப் பாகங்கள் அதிகம், கூலியும் அதிகம். பட்டன்களின் ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கும் என்பதால், மாற்றும் வரை குழாய்த் தண்ணீரிலும் காட்ட வேண்டாம். வணக்கம்.