ஏரியில ஓதம் உண்டா? ஒரு தட்டுத் தண்ணியில பாத்துடலாம்

வணக்கம்ங்க. ஓதம்னா நிலா, சூரியன் இழுவையால நீர்மட்டம் ஏறி இறங்குறது. நிலா கடலை இழுக்குது, ஏரியை விட்டுடுதா? விடல, அதையும் இழுக்குது. ஆனா ஓதம் வர்றதுக்கு இழுவை மட்டும் போதாது, இடத்துக்கு இடம் இழுவை மாறணும். ஏரியோட இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அது பெருசா மாறுறதே இல்ல. நிலாவும் சூரியனும் சேர்ந்து இழுத்தாலும் நீர்மட்டம் சாயுறது, நீளத்துல சுமார் 80 லட்சத்துல ஒரு பங்குதான். சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில இருக்கிற ஜெனீவா ஏரி 70 கிலோமீட்டருக்கு மேல நீளம். அங்கயே 1 சென்டிமீட்டர் தேறாது.

அப்போ ஜெனீவா ஏரிக் கரையில தண்ணி ஏறி இறங்குதே, அது என்ன? அதுக்குப் பேரு செய்ஷ். காத்தோ காத்தழுத்தமோ தண்ணியை ஒரு பக்கம் ஒதுக்கும். விட்டதும் தண்ணி ஊஞ்சல் மாதிரி ஆடும். 19-ம் நூற்றாண்டுல சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஃபோரெல் இதை அங்க வருஷக்கணக்கா அளந்தார். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 74 நிமிஷம்.

இதை வீட்லயே பாக்கலாம். 40 சென்டிமீட்டர் நீளத்துல, அடி தட்டையா இருக்கிற ட்ரே எடுங்க. சரியா 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணி. மேல கொஞ்சம் மிளகுத்தூள் தூவுங்க. ஒரு முனைக்கு அடியில பென்சில் குடுங்க. தண்ணி அடங்கினதும் மெதுவா உருவிடுங்க. புத்தகத்தை வெச்சு உயரமாத் தூக்கினா ஆட்டம் உடைஞ்சு சின்னச் சின்ன அலையாயிடும், எண்ணவே முடியாது.

இப்ப தூளை மட்டும் பாருங்க. முனையில இருக்கிறது ஏறி இறங்குது. நடுவுல இருக்கிறது ஏறவே இல்ல, ஆனா அதுதான் அதிகமா முன்னும் பின்னும் நகருது. எனக்கு இந்தச் சோதனையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஏரி நடுவுல அளவுகோல் நட்டா இந்த ஆட்டம் அதுல தெரியாது.

ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்ங்கிற கணக்கு இது: நீளத்தை இரண்டால பெருக்குங்க. ஆழத்தை 9.8-ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதால வகுங்க. எல்லாமே மீட்டர்ல. நமக்கு 1.8 விநாடி வரும். 5 ஆட்டம் எண்ணினா 9 விநாடி. நாலரை விநாடிதான் வருதா? போய்த் திரும்புறதை ரெண்டா எண்ணியிருக்கீங்க. ஆழத்தை 4 சென்டிமீட்டர் ஆக்கினா ஒரு ஆட்டம் 1.3 விநாடிக்கு வந்துடும். நிஜ ஏரியில அடி மேடுபள்ளமா இருக்கிறதால இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஏரியில அளக்கணும்னா ஒரு முனையில, கரையோரமா 2 அங்குல பிவிசி குழாயை நட்டு, தண்ணிக்குள்ள இருக்கிற பாகத்துல 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு போடுங்க. ஓட்டை பெருசானா சிற்றலையும் உள்ள வந்துடும். பாசி அடைச்சா மட்டம் பின்தங்கும், அதனால வாரம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்துங்க. 5 நிமிஷத்துக்கு ஒருமுறை குழாய்க்குள்ள இருக்கிற மட்டம் குறிங்க, காத்து அடிக்கிற திசையும் பக்கத்துலயே இருக்கட்டும். நிலாவால வர்றது சுமார் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒருமுறை, காத்து இல்லாத நாள்லயும் வரும். செய்ஷ் காத்து ஓய்ஞ்சதும் தொடங்கி, அதே கால அளவுல ஆடி ஆடித் தேயும்.