ஒனைடாவில் யாரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது?

நண்பர்களே, வணக்கம்.

பாலியமரி, அதாவது ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு காதல் உறவு வைத்துக்கொள்வது, அதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "சின்னவீடு சமாச்சாரம்தானே?" என்று கேட்டார். இல்லைங்க. சின்னவீடு வைத்துக்கொள்கிறவர் பெரியவீட்டுக்காரியிடம் சம்மதம் கேட்பதில்லை. இங்கே உறவில் உள்ள எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஒப்புதல் எவ்வளவு உண்மையானது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்று ஓர் ஊர். 1848-இல் ஜான் ஹம்ஃப்ரி நோயிஸ் என்ற மதபோதகர் அங்கே ஒரு குடியிருப்பை அமைத்தார். சொத்தெல்லாம் பொது. கணவன், மனைவி என்ற உரிமையும் கிடையாது. வயது வந்த ஆண்கள் எல்லோரும் பெண்கள் எல்லோருக்கும் மணமானவர்கள் என்பது கொள்கை. நூற்றுக்கணக்கானோர் ஒரே பெரிய மாளிகையில் முப்பது ஆண்டுகள் இப்படி வாழ்ந்தார்கள். எலிப்பொறியில் தொடங்கி கரடிப்பொறி வரை செய்து விற்று நன்றாகவே சம்பாதித்தார்கள்.

ஓர் ஆணுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தால் நேராகப் போய்க் கேட்கக் கூடாது. மூத்த பெண்மணி ஒருவர் மூலம் சொல்லி அனுப்ப வேண்டும். அவள் மறுக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கணவனிடம்கூட மறுக்க முடியாத பெண்களோடு ஒப்பிட்டால் இது பெரிய சங்கதி. அங்கே பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், குட்டைப் பாவாடைக்கு அடியில் கால்சட்டை போட்டுக்கொண்டார்கள், ஆண்களோடு வேலை பார்த்தார்கள்.

சரி, இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தால்? அங்கேதான் சிக்கல். ஒருவரிடம் மட்டும் தனிப்பாசம் வைப்பது குற்றம். சபை முன்னால் உட்காரவைத்துக் குறைகளை அடுக்குவார்கள். தேவைப்பட்டால் ஒருவரை கனெக்டிகட் மாநிலத்து வாலிங்ஃபோர்டு கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். தாய்க்குத் தன் பிள்ளைமேல் தனிப்பாசம் இருந்தாலும் அதே கதிதான். 1851-இல் சிறுமிகள் பொம்மைகள்மேல் பாசம் வைக்கிறார்கள் என்று அவற்றை நெருப்பில் போட வைத்தார்கள்! 1869 முதல் யார் யாரோடு பிள்ளை பெறலாம் என்பதையும் முடிவுசெய்தார்கள். அப்படிப் பிறந்த 58 குழந்தைகளில் சிலருக்கு அப்பா நோயிஸேதான். இளம் பெண்களுக்கு முதல் உறவு யாரோடு என்ற விஷயத்திலும் அவருக்கே முன்னுரிமை. கடவுளின் பிரதிநிதி என்று நம்பும் ஒருவரிடம், அதே கூரையின் கீழ் வளர்ந்த ஒரு பெண் எப்படி 'வேண்டாம்' என்பாள்? என்னைக் கேட்டால், ஏட்டில் இருந்த மறுக்கும் உரிமை இந்த இடத்தில் செத்துவிட்டது.

1879-இல் வழக்கு வரும் என்று பயந்து நோயிஸ் இரவோடு இரவாகக் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டு மணம் முடிந்தது. பலர் ஜோடி ஜோடியாகச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். 1881-இல் அந்தச் சமூகம் பங்கு நிறுவனமானது. பிற்காலத்தில் ஒனைடா என்றால் ஸ்பூன், முள்கரண்டி என்றே அமெரிக்கர்களுக்கு ஞாபகம் வரும்.

இப்போது பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள சோமர்வில் நகரத்துக்கு வாருங்கள். ஜூன் 2020, கொரோனா காலம். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களைப் பதிவுசெய்ய நகரமன்றம் ஒரு விதியை எழுதியது. ஆஸ்பத்திரியில் துணையைப் பார்ப்பது, மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பது போன்ற தேவைகள்தான் காரணம். வரைவில் 'இருவர்' என்று இருந்தது. ஏன் இருவர் மட்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இருவருக்கு மேற்பட்டவர்களும் பதியலாம் என்று திருத்தினார்கள், நிறைவேற்றினார்கள். பக்கத்து கேம்பிரிட்ஜும் 2021-இல் அதே வழியில் போனது.

இங்கே போதகர் கிடையாது. யாரோடு வாழ்வது என்று எந்தச் சபையும் தீர்மானிப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வந்து பதிகிறார்கள். ஆனால் இது திருமணம் ஆகாது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தில் திருமணம் இன்றும் இருவருக்குத்தான். மூவரில் ஒருவர் பிரிந்தால் வீடு யாருக்கு, பிள்ளை யாரிடம் என்ற வழக்குக்கு இந்த நகர விதியில் பதில் இல்லை.