காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை எதையுமே சாப்பிடல, என்ன பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் பெருசா எழுதியிருக்காரு, சுருக்கி வாசிக்கிறேன். "அண்ணா, கொளத்தூர்ல ஒரு காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை கடல் மீன் வாங்கி அஞ்சு நாள் ஆச்சு. 400 லிட்டர் தொட்டி. ஏற்கெனவே ஒரு பவுடர் ப்ளூ டேங் மீன், ரெண்டு க்ளவுன் மீன் இருக்கு. பெல்லட், ஃபிளேக்ஸ், ஃப்ரோசன் மைசிஸ் (குட்டி இறால் மாதிரி உயிரி) எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். பூண்டுச் சாறுல ஊறவெச்சும் போட்டேன். கிட்ட வந்து பாக்குது, திரும்பிப் போயிடுது. கடையில உப்பு (ஒப்படர்த்திக் கணக்குல) 1.019, என் தொட்டியில 1.026. வேற எந்தத் தீவனம் வாங்கட்டும்?"

கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். புதுசா எந்த டப்பாவும் வாங்காதீங்க. அந்த மீனோட வாயப் பாருங்க, இடுக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கா? கல்லு இடுக்குல மறைஞ்சிருக்கிற சின்னச் சின்னப் புழு, சிப்பிக்குள்ள இருக்கிற சதை, இதையெல்லாம் கொத்தி எடுக்கத்தான் அந்த வாய். கடல்ல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதே வேலையாத்தான் சுத்தும். அதுக்குச் சாப்பாடுன்னா எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்கணும். மேலேருந்து விழுறதையும் தண்ணியில மிதந்து போறதையும் அது சாப்பாட்டுக் கணக்குலயே சேர்க்காது. நீங்க போட்டது எல்லாமே மிதக்குற ஐட்டம்தான். கிட்ட வந்து பாக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது நல்ல விஷயம். தேடுது, ஆனா இது என்னன்னு அதுக்குப் புரியல.

ஆனா அதுக்கு முன்னாடி மீன் நல்லா இருக்கான்னு பாத்துடணும். பக்கவாட்டுல பாத்தா இந்த மீன் எப்பவுமே நல்லாத்தான் தெரியும், தட்டு மாதிரி உடம்புங்கிறதால ஏமாத்திடும். முன்னாடிலேருந்து, மூக்குக்கு நேரா நின்னு பாருங்க. தலைக்குப் பின்னாடி முதுகுச் சதை உள்ள ஒடுங்கி, கத்தி முனை மாதிரி தெரிஞ்சா நாள் ரொம்ப இல்லன்னு அர்த்தம். வயிறு மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தா இன்னும் டைம் இருக்கு. அடுத்து, வாட்ச் வெச்சு ஒரு நிமிஷம் செவுள் எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணுங்க. 100-ஐத் தாண்டுது, வேவ் மேக்கர் (அலை கிளப்புற பம்ப்) தண்ணி அடிக்கிற இடத்துலயே போய் நிக்குது, வெளிச்சத்தப் பாத்தா ஒதுங்குதுன்னா வெல்வெட்ங்கிற ஒட்டுண்ணி நோயா இருக்கலாம். அது ரெண்டு மூணு நாள்ல மீனக் கொன்னுடும். அப்ப தீவனத்தப் பத்திப் பேசவே வேணாம், தனித் தொட்டிக்கு மாத்தி வைத்தியத்த ஆரம்பிக்கணும்.

நிறைய பேர் வெள்ளையா நூல் மாதிரி கழிவு வந்த உடனே வயித்துல புழுன்னு மருந்து ஊத்திடுறாங்க. சாப்பிடாத மீனுக்கு வேற எப்படி வரும்? குடல்ல இருக்கிற சளிதான் அப்படி வெள்ளையா வெளிய வரும். சாப்பிட ஆரம்பிச்ச பிறகும் வெள்ளையா வந்தாலோ, நல்லாச் சாப்பிட்டும் மெலிஞ்சுக்கிட்டே போனாலோ, அப்ப குடல் கிருமியச் சந்தேகப்படுங்க. முன்னெச்சரிக்கையா இருக்கட்டும்னு காப்பர் (செம்பு) மருந்து ஊத்துற பழக்கத்தையும் விடுங்க. நோய் அறிகுறி இல்லாம, சாப்பிடவும் ஆரம்பிக்காத மீனுக்குக் காப்பர் ஊத்தினா இருக்கிற கொஞ்ச நஞ்ச பசியும் போயிடும். பிராசிகுவான்டல்ங்கிற புழு மருந்தும் சில மீனுக்குப் பசிய அடக்கும்.

இப்ப உங்க தொட்டிக்கு வரேன். பவுடர் ப்ளூ டேங்தான் அங்க ரவுடி. நீங்க பாக்குறப்ப துரத்தாம இருக்கலாம். வாலத் திருப்பிக் காட்டிக்கிட்டு மெதுவாப் பக்கத்துல வந்தாலே போதும், புது மீன் ஒடுங்கிடும். அதனால இன்னைக்கே காப்பர்பேண்ட அதே தொட்டிக்குள்ள ஒரு தனிப் பெட்டியில விடுங்க. கடையில அக்ரிலிக் அக்லிமேஷன் பாக்ஸ் கிடைக்கும். இல்லன்னா பாத்திரக் கடையில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை, கம்பி எதுவும் இல்லாததாப் பாத்து வாங்கி, நல்லாக் கழுவி கேபிள் டை போட்டு ஓரமாக் கட்டிடுங்க. 10 சென்டிமீட்டர் மீனுக்கு நீளம் 30 சென்டிமீட்டராவது வேணும். மேல மூடி அவசியம், குதிச்சிடும். உள்ள ஒரு சின்னக் கல்லு, ஒரு ரெண்டு இன்ச் பிவிசி எல்போ. பெட்டியோட ரெண்டு பக்கம் தடுப்பு வெச்சு மறைச்சுடுங்க. க்ளவுன் சாப்பிடுறது தெரியிற பக்கத்த மட்டும் திறந்து விடுங்க. பக்கத்துல இன்னொரு மீன் கொத்துறதப் பாத்தா இதுக்கும் ஒரு துணிச்சல் வரும். போட்ட சாப்பாட்ட டேங் பிடுங்கிட்டுப் போற பிரச்சினையும் தீந்துடும்.

சாப்பாடு மட்டிதான். மீன் மார்க்கெட்ல உயிரோட இருக்கிற மட்டி கேளுங்க, கிடைக்கலன்னா சின்ன சிப்பி. வாங்கினத அப்படியே போடாதீங்க, கடல்லேருந்து ஒட்டுண்ணி சேர்ந்து வரும். ஃப்ரீசர்ல ரெண்டு நாள் முழுசாக் கிடக்கட்டும். அதுல நிறைய ஒட்டுண்ணி போயிடும், பாக்டீரியா எல்லாம் போயிடாது, அதனால நாறாத சரக்கா வாங்குங்க. எடுத்து, கத்தியால ஓட்டப் பிளந்து, சதையோட இருக்கிற பாதியத் தொட்டித் தண்ணியில ஒரு அலசு அலசிட்டு, சதையில நாலஞ்சு கீறல் போடுங்க. சாறு கசியணும், அதுதான் இழுக்கும். அதக் கல்லு இடுக்குல, சதை மேல பாத்த மாதிரி சொருகி வைங்க. கையில பிடிச்சுக்கிட்டு காட்டாதீங்க.

வேவ் மேக்கரையும், ஃபில்டர்லேருந்து தண்ணியத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்ப்பையும் ஒரு 15 நிமிஷம் ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் நீங்க அங்கேருந்து எந்திரிச்சுப் போயிடணும். கண்ணாடிக்குப் பக்கத்துல மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்தா எந்த மீனும் சாப்பிடாது. வேணும்னா போனை வெச்சு வீடியோ ஓட விடுங்க. பம்ப்ப திரும்பப் போட மறந்துடாதீங்க, அதுக்கு ஒரு அலாரம் வெச்சுக்கோங்க. மட்டி ரெண்டு மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல விட்டா அழுகி அம்மோனியா ஏறும். 400 லிட்டர்ல சமாளிச்சிடும். ஆனா 80 லிட்டர் தனித் தொட்டியில வெச்சிருக்கிறவங்க தினமும் அம்மோனியா டெஸ்ட் பண்ணணும், கொஞ்சம் காட்டினாலே கால்வாசித் தண்ணி மாத்திடணும். சாப்பிடாத மீனுக்கு அம்மோனியாவும் சேர்ந்துச்சுன்னா அப்புறம் அது சாப்பிடவே சாப்பிடாது.

ஒரு நாளைக்கு மூணு தடவை இப்படி வைங்க. முதல் தடவை சுத்திச் சுத்தி வரும். அப்புறம் ஒரு கொத்து கொத்தித் துப்பும். துப்பினா மனசு விட்டுடாதீங்க, ருசி பாக்குது. கொத்துறதுக்கும் முழுங்குறதுக்கும் நடுவுல ஒரு நாள், ரெண்டு நாள் ஆகலாம்.

மட்டியத் தொடவே மாட்டேங்குதுன்னா அடுத்தது உயிரோட இருக்கிற ஆர்ட்டீமியா, அதாவது உப்புத் தண்ணியில வளர்ற குட்டி இறால் மாதிரி உயிரி. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்துல வளந்த ஆர்ட்டீமியா இருக்கும், ஆள் தெரிஞ்சா கேட்டுப் பாருங்க. வீட்டுல பொரிக்கணும்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் உப்பு, ஒரு கிராம் முட்டை, 28 டிகிரி, நல்ல வெளிச்சம், அடியிலேருந்து ஏர் ஓடிக்கிட்டே இருக்கணும். 24 மணி நேரத்துல பொரிச்சிடும். குஞ்சு வெறும் அரை மில்லிமீட்டர்தான், அத வெச்சு இந்த மீனுக்கு வயிறு நிறையாது. அசையிறதப் பாத்து வேட்டைப் புத்தி கிளம்பணும், அதுக்குத்தான் போடுறோம். டியூபிஃபெக்ஸ் புழுவ அனேகமாப் பாஞ்சு சாப்பிடும். ஆனா அது சாக்கடைச் சரக்கு, நன்னீர்ப் புழு வேற, உப்புத் தண்ணியில சீக்கிரம் செத்து அழுகிடும். வேற வழி இல்லன்னா மட்டும், ரெண்டு நாள் தண்ணி மாத்தி மாத்தி அலசி, ஒரு சிட்டிகை போடுங்க.

மட்டிய ஒழுங்கா முழுங்க ஆரம்பிச்சு மூணு நாலு நாள் ஆனதும் காலி ஓட்ட தூக்கிப் போடாதீங்க. அதுலதான் இனிமே வேலையே. நறுக்கின மட்டி முக்கால், மைசிஸ் கால், ரெண்டையும் பிசைஞ்சு அந்த ஓட்டுல அப்பி வைங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா மைசிஸ ஏத்திக்கிட்டே வாங்க. முழுசா மைசிஸ் ஆனதும், ஓட்டுக்குப் பக்கத்துல டிராப்பர்ல கொஞ்சம் விடுங்க. ஓட்டுலேருந்து தண்ணியில மிதக்குறத எடுக்க ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் பெட்டியத் திறக்கணும். இந்த மாத்தத்த நிறைய பேர் பண்றதில்ல. மட்டி சாப்பிடுதே போதும்னு மாசக்கணக்கா அதையே போடுவாங்க. சில மட்டி வகையில தயமினேஸ்னு ஒண்ணு இருக்கு, வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும். அதனால மட்டிய மட்டுமே நம்பக் கூடாது.

பூண்டு கேட்டீங்க. வாசனை சில மீன இழுக்கலாம், அவ்வளவுதான். வெள்ளைப் புள்ளி நோயெல்லாம் அதுல குணமாகாது.

உப்பு விஷயம், இது முக்கியம். கடையில 1.019, உங்ககிட்ட 1.026. ஒரே மணி நேரத்துல மாத்தியிருந்தீங்கன்னா முதல் ரெண்டு மூணு நாள் மீன் சோர்ந்திருந்தா அதுக்கு இதுவே காரணமா இருக்கலாம். கடல் மீன் உடம்புலேருந்து தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும், அத ஈடு கட்ட அது தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும். திடீர்னு உப்பு கூடினா அந்தக் கணக்கு தப்பிடும். அதிகத்துலேருந்து குறைச்சலுக்குப் போறத விட இதுதான் அதுக்குக் கஷ்டம். இப்ப திரும்ப உப்பக் குறைக்காதீங்க, அஞ்சு நாள்ல பழகியிருக்கும். அடுத்த மீனுக்குத் தனித் தொட்டிய முதல்லயே கடை உப்புக்குச் சமமா வெச்சுட்டு, நாளைக்கு 0.001, 0.002ன்னு ஏத்துங்க. வாங்குறப்ப கடைக்காரர்கிட்ட "சாப்பிடுறதக் காட்டுங்க"ன்னு கேளுங்க. காட்டலன்னா முன்பணம் குடுத்துட்டு ஒரு வாரம் அங்கேயே விட்டுட்டு வாங்க.

இதெல்லாம் காப்பர்பேண்டுக்குச் சொன்னது. லயன்ஃபிஷ்னா அசையிற இரைதான் கேக்கும், ஒரு வாரம் சாப்பிடலன்னாலும் பயப்பட வேணாம். டேங்னா கிளிப்புல நோரிங்கிற காஞ்ச கடல்பாசிய மாட்டுங்க. மாண்டரின் மீன் கதையே வேற, அதுக்குத் தொட்டியில கோப்பிபாட்ங்கிற பொடிசான உயிரி பெருகியிருக்கணும், இல்லன்னா வாங்கவே கூடாது.

நாளையிலேருந்து அஞ்சு நாள் இப்படிப் பண்ணுங்க. அதுவரைக்கும் ஒரு கொத்து கூட கொத்தலன்னா, முன்னாடிலேருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு ரெண்டு வீடியோ எடுத்து, செவுள் எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்க. முதுகுச் சதை ஒடுங்கிட்டா மட்டும் அஞ்சு நாள் காத்திருக்காதீங்க, அன்னைக்கே அனுப்புங்க. அடுத்த கேள்வி…