12 யார்டு பாக்கி, 7 யார்டு பாஸ்: குவார்ட்டர்பேக்கை டவுன் வாரியாக எடைபோடுவது எப்படி?

[திரையில்: தேர்டு டவுன், 12 யார்டு தேவை]

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். நாலு டவுனுக்குள், அதாவது நாலு முயற்சிக்குள், 10 யார்டு நகர வேண்டும்; நகர்ந்தால் மறுபடி ஃபர்ஸ்ட் டவுனிலிருந்து நாலு முயற்சி. இது தேர்டு டவுன், முன்னால் பின்வாங்கியதால் இன்னும் 12 யார்டு பாக்கி. பாஸ் வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் 7 யார்டுக்கு ஒரு பாஸ் போடுகிறார், ரிசீவர் பிடித்துவிடுகிறார். 12 யார்டு எட்டாததால் அடுத்து பண்ட், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து விட்டுக்கொடுப்பது. பந்து எதிரணி கைக்குப் போகிறது.

இதே பாஸை, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ பாஸ் வீசுபவருக்குத் தரும் மதிப்பெண்ணான பாஸர் ரேட்டிங்கில் போட்டுப் பார்ப்போம். மொத்த யார்டை 8.4-ஆல் பெருக்கணும். பிடிபட்ட பாஸுக்கு 100, டச்டவுனுக்கு 330 கூட்டணும். எதிரணி பாஸைப் பிடித்துவிடும் இன்டர்செப்ஷனுக்கு 200 கழிக்கணும். பிறகு முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுக்கணும். நம் 7 யார்டு பாஸுக்கு வருவது 158.8.

இப்போது 2 யார்டு மட்டும் தேவைப்படும் தேர்டு டவுன். 3 யார்டு பாஸ், புது ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தாச்சு. இதற்கு 125.2 தான்! பண்ட்டில் முடிந்த பாஸுக்கு மதிப்பெண் அதிகம்.

2019-ல் எல்எஸ்யூவின் ஜோ பர்ரோ 202.0, 2020-ல் அலபாமாவின் மேக் ஜோன்ஸ் 203.1. இரண்டுமே அபாரமான சீசன்கள். ஆனால் எந்த டவுனில் என்ன சாதித்தார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லாது.

[திரையில்: 50 – 70 – 100]

அதற்குத்தான் சக்சஸ் ரேட். ஃபர்ஸ்ட் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, செகண்ட் டவுனில் 70 சதவீதம், தேர்டு, ஃபோர்த் டவுன்களில் முழுத் தூரம். எட்டினால் வெற்றி, இல்லையென்றால் தோல்வி. செகண்ட் டவுனில் 8 யார்டு தேவை என்றால் 5.6, அதாவது 6 யார்டாவது வர வேண்டும்.

கணக்கு போடும்போது பலர் சறுக்குவது சாக்கில்தான், அதாவது பாஸ் போடும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவதில். கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழந்த யார்டு ஓட்டக் கணக்கில் கழியும், பாஸர் ரேட்டிங்கைத் தொடவே தொடாது. பந்தைக் கையிலேயே வைத்திருந்து அடிவாங்கும் பழக்கம் அப்படியே மறைந்துபோகும். அதனால் பாஸ் முயற்சி, சாக், பாஸ் போடப் பின்வாங்கி வழியில்லாமல் ஓடியது என மூன்றையும் சேர்த்துத்தான் வகுக்கணும். திட்டமிட்ட ஓட்டத்தையும் தப்பித்து ஓடியதையும் பிரிக்க வீடியோ பார்த்தே ஆகணும்.

[திரையில்: தேவைப்படும் யார்டு 1–3, 4–6, 7–9, 10-ம் அதற்கு மேலும்]

அடுத்து, தேர்டு டவுன் சதவீதம், அதாவது தேர்டு டவுன்களில் எத்தனை வெற்றி என்பது. இதை மொத்தமாக எடுப்பது அநியாயம். ஃபர்ஸ்ட் டவுன் ஓட்டத்தில் 3 யார்டு பின்னால் போனதற்கோ, ஒரு பெனால்டிக்கோ குவார்ட்டர்பேக் என்ன செய்வார்? தூரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். செகண்ட் டவுனில் 8 யார்டோ அதற்கு மேலோ, தேர்டு, ஃபோர்த் டவுன்களில் 5 யார்டோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் பாஸ்தான் வரும் என்று எதிரணிக்கே தெரியும். ஓட்டம் போலக் காட்டி ஏமாற்றும் ப்ளே ஆக்‌ஷன் அங்கே அவ்வளவாக எடுபடாது. கோச்சின் திட்டம் தரும் உதவி குறைந்து, குவார்ட்டர்பேக்கின் சொந்தச் சரக்கு தெரிவது இங்கேதான்.

ஆனால் அவசரப்படாதீங்க. ஒரு சீசனில் 90 தேர்டு டவுன் பாஸ், அதில் 36 வெற்றி என்று வைப்போம். 40 சதவீதம். வெறும் அதிர்ஷ்டத்திலேயே இது 30-க்கும் 50-க்கும் இடையே ஆடக்கூடும். அதையும் நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இருபத்துச் சொச்சம்தான் மிஞ்சும். 42 சதவீதம் எடுத்தவர் 38 சதவீதம் எடுத்தவரைவிட மேல் என்று சொல்ல இது போதாது. குறைந்தது இரண்டு சீசனைச் சேர்த்துப் பாருங்கள்.

[திரையில்: ஃபோர்த் டவுன், 8 யார்டு தேவை]

ஃபோர்த் டவுனில் அளவுகோலே மாறுகிறது. பந்தை வெளியே வீசிவிடுவது மற்ற டவுன்களில் புத்திசாலித்தனம், இங்கே தோல்வி. 40 யார்டு தள்ளி இன்டர்செப்ஷன் ஆகி, பிடித்தவர் அங்கேயே விழுந்தால் நம் அணிக்கு லாபம்கூட. தரையில் விழுந்திருந்தால் எதிரணி ஆட்டம் தொடங்கிய கோட்டிலிருந்தே ஆடியிருக்குமே! ரேட்டிங் மட்டும் 200 கழித்துவிடும். ஃபோர்த் டவுன் இன்டர்செப்ஷன்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்ற டவுன்களில் நடந்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.