பாடறிந்து ஒழுகுதல்

அவையோருக்கு வணக்கம். பண்பு என்று தலைப்புக் கொடுத்தால் மேடையேறுகிற எல்லாரும், என்னையும் சேர்த்துத்தான், முதலில் எடுத்துவிடுவது ஒரே வரி: ‘பண்பு எனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’. கலித்தொகை, 133-ஆம் பாட்டு. பாடிய நல்லந்துவனார் நம்ம ஊர்க்காரர். ‘மதுரை ஆசிரியர்’ என்றே அவரைச் சொல்வார்கள். திருப்பரங்குன்றத்தை ‘அந்துவன் பாடிய சந்துகெழு நெடுவரை’ என்கிறது அகநானூறு. அந்த அந்துவன் இவர்தான் என்பார்கள்.

வரி நமக்கு மனப்பாடம். யார், யாரிடம் சொன்னது என்பதைத்தான் விட்டுவிடுகிறோம். சொல்பவள் ஒரு தோழி. எதிரே நிற்பவன் கடற்கரைத் தலைவன். பழகினான், கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். அவள் நேராகத் திட்டவில்லை. ஆற்றுதல், போற்றுதல், பண்பு, அன்பு, அறிவு, செறிவு, நிறை, முறை, பொறை என்று ஒன்பதுக்கும் வரிசையாக இலக்கணம் சொல்கிறாள். தலைவனும் நல்ல வார்த்தை என்று தலையாட்டிக் கேட்டிருப்பான். அப்புறம்தான் வருகிறது: ‘இதெல்லாம் தெரிந்துமா என் தோழியைக் கைவிடுகிறீர்? பாலைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தை ஒதுக்குகிற கதையாக இருக்கிறதே!’ நாம் பொன்மொழியாகத் தூக்கி வைத்திருக்கும் வரி, ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் போட்ட சண்டையில் பிறந்தது.

சரி, ‘பாடு’ என்றால் என்ன? உலக ஒழுக்கம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். அவரும் மதுரைக்காரர்தான். மறுக்க எனக்குத் தகுதி போதாது. ஆனாலும் கெடு கேடு ஆவதுபோல, சுடு சூடு ஆவதுபோல, படு என்பதுதான் பாடு ஆகிறது. ‘அவ படுற பாடு எனக்குல்ல தெரியும்’ என்று நம்ம பக்கம் சொல்கிறோமே, அந்தப் பாடு. பாட்டின் முடிவில் தோழி எடுத்துக் காட்டுவதும் ‘வருந்தியாள் துயரம்’தான். எதிரில் இருப்பவர் படுகிற பாட்டை அறிந்து நடப்பது என்றும் இந்த வரியைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. புலவர்கள் பொறுத்தருளட்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. மொய் எழுதும் மேசையில் மைக் வைத்து, பேர், ஊர், தொகை எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமன் செய்முறை ஊருக்கே கேட்டது. ஒரு கிழவி சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். எழுதுகிறவர் மைக் பிடித்த பையனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பையன் பேரையும் ஊரையும் மட்டும் வாசித்தான். அடுத்து நின்ற இரண்டு பேருக்கும் தொகை வாசிக்கவில்லை. கிழவிக்கு மட்டும் விட்டால் பளிச்சென்று தெரிந்துவிடுமே! ‘அப்பத்தா, பந்தி நடக்குது, சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். கலித்தொகை படித்தவரா என்று நான் விசாரிக்கவில்லை.

பண்போடு மரியாதையைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். மரியாதை வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு எல்லை, வரம்பு என்று பொருள். அதனால்தானோ என்னவோ, எல்லைத் தகராறும் கூடவே வருகிறது. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்று கோர்ட்டு வரைக்கும் போகிறோம். தீண்டத்தகாதவர்கள் என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களை 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார் வைத்தியநாத ஐயர். வரம்பு மீறிவிட்டார் என்று கொதித்தவர்கள் இருந்தார்கள். மீறத்தான் செய்தார். வெளியே நின்றவர்கள் பட்ட பாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

தோழி அடுக்கிய ஒன்பதில் மரியாதை இல்லை. இலக்கணம் சொன்ன கையோடு தலைவனிடம் அவள் கேட்பது, ‘பூண்க நின் தேரே’. தேரைப் பூட்டு, போய் அவள் துயரத்தைத் தீர்த்துவிட்டு வா என்கிறாள். நன்றி, வணக்கம்.