பெட்டிக்குள் போன குழல்

அவையோருக்கு வணக்கம்.

பழைய கிராமபோன் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் முதலில் தெரிவது அந்தப் பெரிய பித்தளைக் குழல்தான். நான் பேச வந்திருப்பது குழல் வெளியே தெரியாத இயந்திரங்களைப் பற்றி, மரச்சாமான் போல நிற்கும் அந்த உயரமான பெட்டிகளைப் பற்றி. சேகரிப்பவர்களில் பலர் சாவி கொடுத்து ஓட்டும் மோட்டாரைப் பார்க்கிறார்கள், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் தலையான சவுண்டு பாக்ஸைப் பார்க்கிறார்கள், பெட்டியை வெறும் உறை என்று விட்டுவிடுகிறார்கள். பாதிக் கருவி அந்தப் பெட்டிதான் என்பது என் கட்சி.

ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்க வைக்கும் போனோகிராப்பை எடிசன் கண்டுபிடித்தது 1877-இல். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வீட்டுக்கு வந்த இயந்திரங்களில் குழல் வெளியில்தான் நீட்டிக்கொண்டிருந்தது. தூசி சேரும், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள், வரவேற்பறையின் அழகும் கெடும். 1906-இல் அமெரிக்காவில் எல்ட்ரிட்ஜ் ஜான்சனின் விக்டர் நிறுவனம் அந்தக் குழலைக் கீழ்நோக்கி வளைத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டது. பெயர் விக்ட்ரோலா, விலை 200 டாலர். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. முதல் பெட்டிகளைச் செய்து கொடுத்தது ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பூலி என்ற மரச்சாமான் நிறுவனம். இயந்திரம் செய்பவர்கள் தச்சு வேலைக்காரர்களைத் தேடிப் போனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள், அந்தப் பெட்டிக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்று புரியும்.

அந்தப் பெட்டியின் முன்பக்கம் இரண்டு சின்னக் கதவுகள் இருக்கும். அழகுக்காக வைத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குழலின் வாய் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டையும் விரியத் திறந்தால் பாட்டு அறை முழுக்கக் கேட்கும், பாதி சாத்தினால் தணியும், முழுக்கச் சாத்தினால் பேச்சுக்கு இடையூறு இல்லாத அளவுக்கு இறங்கிவிடும். மின்சாரமே இல்லாத இயந்திரத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்க அதுதான் வழி. மேல்மூடிக்கும் வேலை உண்டு. இசைத்தட்டு ஓடும்போது ஊசியிலிருந்தே ஒரு கரகரப்பு நேராகக் கிளம்பும். மூடியைச் சாத்தினால் அது அடங்கி, குழல் வழியாக வருவது மட்டும் காதில் விழும்.

கொலம்பியா நிறுவனத்தின் கிராஃபனோலாவில் பல பெட்டிகளில் கதவுக்குப் பதில் சாய்த்துத் திருப்பும் மரச் சட்டங்கள். பில்லியர்ட்ஸ் மேசை செய்து பேர் வாங்கிய பிரன்ஸ்விக் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, மர வேலை கைவந்த கலை என்பதால் குழலையே மரத்தில் செய்தார்கள். சொனோராவின் உயர்ந்த ரகப் பெட்டிகளில் பக்கவாட்டுப் பலகைகள் வயிறு புடைத்தாற்போல வளைந்திருக்கும். வளைந்த பரப்பில் மெல்லிய மரத்தகடு ஒட்டி, நூறு வருஷம் கழித்தும் அது பிரியாமல் நிற்கிறது என்றால், ஒட்டிய கையை வணங்கத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது எடிசனின் டயமண்ட் டிஸ்க் பெட்டி, 1912-ஐ ஒட்டி வந்தது. இதன் தட்டு கால் அங்குலத் தடிமன், கையில் எடுத்தால் கனக்கும். மற்ற இயந்திரங்களில் தட்டின் பள்ளமே ஊசியை உள்நோக்கி இழுத்துப் போகும். எடிசன் அதற்குச் சம்மதிக்கவில்லை. பற்சக்கரம் வைத்து, வைர ஊசி பொருத்திய தலையையும் அதோடு சேர்ந்த குழலையும் ஒன்றாக நகர்த்தினார். பாட்டு ஓடும்போது உள்ளே அவ்வளவு பெரிய குழலே மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். அதற்கு இடம் விட்டுத்தான் பெட்டியையே வடிவமைத்திருக்கிறார்கள். ஒலியைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. அது குழலுக்குள் ஒரு பஞ்சுப் பந்தைத் தள்ளும். அவ்வளவுதான்!

1925-இல் மின்சார முறை ஒலிப்பதிவு வந்தது. அதற்கு ஈடுகொடுக்க விக்டர் கொண்டுவந்த ஆர்த்தோஃபோனிக் வரிசையில் கிரெடென்ஸா என்று ஒன்று. சுமார் ஆறடி நீளக் குழலைக் கணக்குப் போட்டு மடித்துப் பெட்டிக்குள் அடக்கியிருக்கிறார்கள். அதுவரை எடுபடாத அடிக்குரல் ஒலிகள் அதில் கேட்கும். இங்கே குழல்தான் முதலில், பெட்டி அதைச் சுற்றி எழுந்தது. சில வருஷத்தில் ரேடியோ பரவ, இந்தப் பெட்டிகளுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது. எத்தனையோ பெட்டிகளைக் குடைந்து, மோட்டாரை வீசிவிட்டு, மது அலமாரியாக்கிவிட்டார்கள். அப்படி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, பெட்டி கைக்கு வந்தபின் நாம் செய்கிற கேட்டையும் பேசியாக வேண்டும். உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். வெளிப்பூச்சு கறுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் அடியில் மரம் நன்றாகவே இருக்கும். மேலே இருப்பது பெரும்பாலும் தாள் கனத்து மரத்தகடு; நாலு தேய்ப்பில் அது போய் அடிமரம் பல்லிளிக்கும், அப்புறம் திரும்ப வராது. கண்ணுக்குத் தெரியாத மூலையில், மூடியின் உட்புற ஓரம் போல ஓரிடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. அந்தக் காலத்து இசைத்தட்டிலும் கல்தூளைப் பிடித்து வைத்தது இதே அரக்குதான். இளகும் பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை, பழகிய கை ஸ்பிரிட்டைக் கொண்டே அந்த வெடிப்புகளை ஒன்றுசேர்த்துவிடும். அதே காரணத்தால் ஸ்பிரிட் கலந்த எதையும் கொண்டு பெட்டியைத் துடைக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் முன்பக்கப் பளபளப்பில் மயங்காமல் பின்பலகையையும் மோட்டார் பலகையின் அடியையும் பாருங்கள். தேவையில்லாத திருகு ஓட்டைகள் இருந்தால், வேறொரு மோட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய பெட்டியில் புதுப் பித்தளைக் குழலைச் செருகி விற்பவர்களும் இருக்கிறார்கள். கீல், கைப்பிடி, நிறுவனப் பெயர்த் தகடு எல்லாம் ஒரே வயதில் மங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மின்னினால் கேள்வி கேளுங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு ஓக் மரப் பெட்டி நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், சாவி கொடுத்துவிட்டு, கதவை நீங்களே திறந்து சாத்திக் கேட்டுப் பாருங்கள். இரும்பு ஊசியை மட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நானே புதிதாக மாற்றித் தருகிறேன். தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும்.